செயலர் சூடாகிறார்

ஆட்சேபணை கேட்பு அலுவலகத்தில் ஆட்சேபணைகளை மனிதர்கள் நேரில் கேட்பதில்லை. மனிதர்கள் கேட்டால் இரக்கப்பட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் எரிச்சல்பட்டுவிடுகிறார்கள். இரண்டுமே கோப்பு நகர்வதற்கு உகந்ததல்ல என்று முன்பொரு குழு கண்டறிந்திருந்தது. ஆகவே வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு வைத்தார்கள். சாலையை அகலப்படுத்தும்போது யாருடைய வீட்டின்மேல் கோடு விழுகிறதோ, அவர் அந்தக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மைக்கின் முன்னால் தன் குறையைச் சொல்லலாம். அழ வேண்டுமென்றால் அழலாம். மைக் முகம் சுளிக்காது.

அந்தக் குரல் கம்பி வழியாக மாடியில் இருந்த ஒரு சின்ன அறைக்கு வந்து சேரும். அங்கே குரல் எழுத்தர் உட்கார்ந்து அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வாள். அவள் அடித்துக் கொடுப்பதுதான் ஆட்சேபணை. அவள் காதில் விழாதது ஆட்சேபணை ஆகாது. "செவிக்கு எட்டாத ஆட்சேபணை, எழுப்பப்படாத ஆட்சேபணையாகவே கருதப்படும்" என்பது விதி. அப்படிப்பட்ட இடத்தில் அவள் "கேட்கவில்லை" என்று அடிப்பாள். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் அதை "ஆட்சேபணை இல்லை" என்று படித்துக்கொள்வார்கள். பிறகு இடிக்கிற வண்டி போகும்.

அலுவலகத்தில் அவளைக் காது மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். ஆனால் அவள் அதற்குத் தகுதியானவள். விம்மலுக்கு நடுவில் வரும் வீட்டு எண்ணைப் பிடித்துவிடுவாள். பல் இல்லாதவர்கள் பேச்சும், மூச்சிரைப்பவர்கள் பேச்சும் அவளுக்கு அத்துப்படி. அவள் பேசுவது மட்டும் குறைவு. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சு காதில் நிரம்பியிருக்கும்போது, சொந்தப் பேச்சுக்கு இடம் இருப்பதில்லை.

அவள் காதுக்கு எட்டாத ஒரே குரல் அவள் கணவருடையது. அவர் நூலகர். "சத்தம் போடாதீர்கள்" என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து, அவர் பேச்சு உதட்டுக்கு வருவதற்குள் தேய்ந்துவிடும். அலுவலர் குடியிருப்பில் அவர்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது, அவர் தட்டைப் பார்த்து என்னவோ சொல்வார்.

"என்ன?" என்பாள்.

தொண்டையைச் செருமிக்கொள்வார். "ஒண்ணுமில்லை" என்பார். அது மட்டும் தெளிவாகக் கேட்கும்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அலுவலகத்தை நவீனப்படுத்தினார்கள். அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் குறை ஒன்றும் இல்லை. அதுவே அதன் குறையாகிவிட்டது. பழுதாகாத பொருளை எத்தனை நாள்தான் வைத்திருப்பது? அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, புதியது ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். பொத்தானை அழுத்தியதும் அது ஓடுபாதையில் நிற்கும் விமானம்போல இரையத் தொடங்கியது. புறப்பட்டும் தொலையவில்லை. காதில் மாட்டும் கருவி ஏற்கெனவே ஒரு பக்கம்தான் பேசும். மறுபக்கம் நீண்ட நாள் விடுப்பில் இருந்தது. அந்த ஒரு பக்கத்தையும் இந்த இரைச்சல் விழுங்கியது.

ஓங்கிப் பேசியவர்களை எப்படியோ பிடித்துவிட்டாள். ஒரு குரல் மட்டும் பிடிபடவில்லை.

அது ஒரு தையல்காரியின் குரல். தொண்டையில் அறுவை செய்துகொண்டவர். கழுத்தைச் சுற்றித் துணி கட்டியபடி அவர் கூண்டுக்குள் போனதை மாடி ஜன்னலிலிருந்து காது மேடம் பார்த்திருந்தாள். வெகுநேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் சாத்திய கதவை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார், விளக்கை அணைத்தோமா என்று பார்ப்பதுபோல. அவ்வளவு நேரம் பேசியது, ஒலிப்பதிவில் காற்று ஜன்னல் இடுக்கில் நுழைகிற மாதிரி வந்தது. "வீடு" என்ற சொல் மட்டும் இரண்டு மூன்று இடத்தில் தலையைக் காட்டி மறைந்தது. மாத முடிவுக்குள் அடித்துக் கொடுக்காவிட்டால் பதிவு தானாகவே "கேட்கவில்லை" ஆகிவிடும். தையல்காரியின் வீடு தானாகவே சாலை ஆகிவிடும்.

காது மேடம் அந்தப் பதிவை ஓரமாக வைத்துவிட்டு, மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

"என்ன மேடம், கேம் விளையாடவா, வேலை பார்க்கவா?" என்றார் கடைக்காரர்.

"கேட்க."

"பாட்டா?"

"புகார்."

கடைக்காரர் இதற்கென்று தனியாக ஏதும் வைத்திருக்கவில்லை. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "புகாருக்கு லைட் வெச்ச கூலர் நல்லா இருக்கும் மேடம். கலர் மாறிக்கிட்டே இருக்கும்."

"எனக்குச் சத்தம் வேண்டாம்."

"லைட்டுக்குச் சத்தம் வராது மேடம்."

"லைட்டும் வேண்டாம்."

"அப்ப தண்ணி ஓடுற கூலர் எடுத்துக்கோங்க. இப்ப எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க. கண்ணாடிப் பெட்டி போட்டுட்டா தண்ணி ஓடுறது அப்படியே தெரியும். பம்புச் சத்தம் லேசாக் கேட்கும், ஆனா பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

"நான் பார்க்கப் போறதில்லைங்க. கேட்கப் போறேன்."

கடைக்காரர் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உள்ளே போய், தூசி தட்டி, ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அலுமினியத் தகடுகளை அடுக்கிவைத்த மாதிரி ஒரு கட்டி. பக்கவாட்டில் அகலமான ஒரு ஃபேன். நிறம் சாம்பல். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"இதை யாரும் வாங்குறதில்லை மேடம். காட்டிப் பெருமைப்பட முடியாது. உங்க கம்ப்யூட்டர்ல பிராசசர் கூடவே சும்மா வர்ற சின்ன ஃபேன் இருக்கும். சின்னது, அதனால வேகமாச் சுத்தணும், அதான் கத்துது. இது பெரிசு. மெதுவாச் சுத்தினாலே போதும். பிராசசர் தலைமேல அழுத்தி உட்காரணும், நடுவுல கொஞ்சம் பசை தடவணும், பெட்டிக்குள்ள உயரம் அடங்கணும். அவ்வளவுதான். அப்புறம் அது இருக்கிறதே தெரியாது."

இருக்கிறதே தெரியாத ஒன்றை அவள் கையில் எடுத்துப் பார்த்தாள். கனமாக இருந்தது. தானே வாங்கி மாட்டிவிடலாம்தான். ஆனால் அலுவலகப் பொருளின் தலைமேல் தனியார் பொருளை உட்காரவைப்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். ஆகவே விண்ணப்பம் எழுதினாள்.

அலுவலகத்தில் விண்ணப்பங்கள் நல்ல தமிழில் இருக்க வேண்டும். "பிராசசர் கூலர்" என்று எழுதினால் திரும்பி வந்துவிடும். சொல்லகராதியைப் பார்த்துக் கவனமாக எழுதினாள்:

"புதிய கணினியின் செயலி, வேலை மிகுந்தால் சூடாகிறது. சூடானால் வேகம் குறைகிறது. மேலும் சூடானால் தானாகவே நின்றுவிடுகிறது. தற்போதுள்ள ஏற்பாடு பெரும் சத்தம் எழுப்புகிறது, பயன் குறைவு. எனவே செயலியின் தலைமேல் உறுதியாக அமரக்கூடியதும், சத்தம் எழுப்பாததும், சூடு ஏறும்போது மட்டும் வேகமாக இயங்குவதுமான குளிர்விப்பான் ஒன்று தேவை. இடையில் சிறிது பசை அவசியம்."

இந்த விண்ணப்பம் முதலில் கண்காணிப்பாளரிடம் போனது. அவரை எல்லோரும் மரியாதை சார் என்பார்கள். எழுத்தில் மரியாதை குறைவதை அவர் பொறுத்துக்கொள்ள மாட்டார். "மேலதிகாரியின் கார் பழுதாகிவிட்டது" என்று ஒருவர் எழுதிக் கொடுத்ததை, "மேலதிகாரியின் கார் பழுதாகிவிட்டார்கள்" என்று திருத்தி அனுப்பியவர். அதனால் அவருக்கு ஒரு பதவி உயர்வும் கிடைத்தது.

விண்ணப்பத்தைப் படித்த மரியாதை சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. செயலரை, இந்த அலுவலகத்துக்கே தலைவரான செயலரை, ஒரு குரல் எழுத்தர் "செயலி" என்று எழுதியிருக்கிறாள். சூடாகிறது, குறைகிறது, நின்றுவிடுகிறது. ஆடு மாட்டைச் சொல்வதுபோல. முன்னால் இருந்த "புதிய கணினியின்" என்பதற்கு இங்கே பொருள் இல்லை என்று கண்டு அதை அடித்தார். மற்றபடி பொருளில் கைவைக்கவில்லை; மரியாதையை மட்டும் திருத்தினார். நல்லவர், அவள் வேலை போய்விடக் கூடாது என்று நினைத்து, தானே உட்கார்ந்து புதிதாக அடித்தார்.

"செயலர், வேலை மிகுந்தால் சூடாகிறார். சூடானால் வேகம் குறைகிறார். மேலும் சூடானால் தாமாகவே நின்றுவிடுகிறார்."

அந்தக் கோப்பு பல மேசைகளைக் கடந்தது. படித்தவர்கள் யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை. செயலரைத் தெரிந்த எவருக்கும் அதில் பிழை தெரிய வழியில்லை. கொள்முதல் அதிகாரி மட்டும் ஓர் இடத்தில் நிறுத்தி, இரண்டாம் முறை படித்தார். "இடையில் சிறிது பசை அவசியம்" என்ற வரி. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "இந்தப் பொண்ணு சின்ன சீட்டுல இருக்கு, ஆனா விஷயம் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லி ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்.

கடைசியாக அது செயலரிடமே போனது. செயலர் சாதுவான மனிதர். அவர் அறைக்கு இரட்டைக் கதவு, கனத்த திரை, காலடி கேட்காத விரிப்பு. அவ்வளவு அமைதியில் மதியத்துக்குமேல் அவருக்குக் கண் சொருகிவிடும். அவர் சூடாகி வெகுகாலம் ஆகிவிட்டது என்பது அவருக்கே தெரியும். ஆனால் யாரோ ஒருத்தி, மாடியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, வேலை மிகுந்து அவர் சூடாவதைக் கவனித்திருக்கிறாள். அவர் வீட்டில்கூட யாரும் அதைக் கவனித்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஓரத்தில் "உண்மை" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இந்த விஷயம் காது மேடத்துக்குத் தெரியவந்தது, செயலரைக் குளிர்விக்கக் குழு அமைத்து உத்தரவு வந்தபிறகுதான். மரியாதை சாரிடம் ஓடினாள்.

"சார், அது செயலர் இல்லை. செயலி. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறது."

"செயலர் எப்படிம்மா கம்ப்யூட்டருக்குள்ள இருப்பார்?"

"செயலர் இல்லை சார். செயலி."

"பார்த்தீங்களா, திரும்பவும். மனசுக்குள்ள நீங்க அவரை எப்படி வேணும்னாலும் நினைச்சுக்கலாம். எழுத்துல ஒரு 'ர்' போட்டா என்ன குறைஞ்சு போகுது?"

"சார், எனக்கு வேண்டியது ஒரு ஃபேன். ஒரு அம்மாவோட பதிவு கேட்க மாட்டேங்குது. மாசக் கடைசிக்குள்ள…"

"சரி, நீங்க சொல்றபடியே வெச்சுக்குவோம். செயலர் சூடாகலைன்னு எழுதிக் கொடுங்க. வேலை மிகுந்தால் சூடாகிறார்னு கோப்புல இருக்கு. அவரே 'உண்மை'ன்னு போட்டிருக்கார். சூடாகலைன்னா என்ன அர்த்தம்? அவருக்கு வேலையே இல்லைன்னு அர்த்தம். அதுக்குக் கீழ நீங்க கையெழுத்துப் போடுறீங்களா?"

அவள் பேனாவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

குழு கூடியது. குளிர்விப்பானுக்கு உரிய தகுதிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள்.

"தலைமேல் உறுதியாக அமரக்கூடியதுன்னு போட்டிருக்கே" என்றார் கொள்முதல் அதிகாரி. "செயலர் தலைமேல ஏறி உட்கார ஆளுக்குப் பஞ்சமா? மேலிடத்துல இருந்து வர்ற ஒவ்வொருத்தரும் அதைத்தானே பண்றாங்க."

"அவங்க சத்தம் போடாம உட்கார மாட்டாங்களே" என்றார் மரியாதை சார். "சத்தம் எழுப்பாததுன்னு இருக்கு."

"பொருளா, ஆளா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"செயலருக்கு ஒரு பொருளை மாட்டிவிடுறது மரியாதை இல்லை. ஆள்தான். குளிர்விப்பான்னு இருக்கிறதைக் குளிர்விப்பாளர்னு திருத்திடுவோம்."

திருத்தினார்கள். "தலைமேல்" என்பதைத் "தலைக்குப் பின்னால்" என்று பணிவாக்கினார்கள். பெட்டிக்குள் உயரம் அடங்க வேண்டும் என்று யாரோ கேள்விப்பட்டுவந்து சொன்னதால், உயரமானவர்களை நீக்கினார்கள். மீதி இருந்தவர்களில் சத்தம் எழுப்பாதவர் யார் என்று பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே முகம் நினைவுக்கு வந்தது.

இவ்வாறாக, சத்தமில்லாத குளிர்விப்பான் வேண்டும் என்று கேட்ட காது மேடம், சத்தமில்லாத குளிர்விப்பாளராக நியமிக்கப்பட்டாள். தட்டச்சு வேலையும் அவள்மேலேயே இருந்தது. குளிர்விப்பது கூடுதல் பொறுப்பு.

செயலரின் நாற்காலிக்குப் பின்னால் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாள் காலையில் செயலர் டீயை ஒரு வாய் குடித்தார். ஆறியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, நீண்ட நாள் பூட்டிக்கிடந்த வண்டியைக் கிளப்புகிற மாதிரி, மெல்லச் சூடாகத் தொடங்கினார்.

"இது என்ன டீயா? நான் யார்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க இங்க?"

காது மேடத்துக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "விடுங்க சார்" என்றாள், மெதுவாக.

செயலர் விட்டுவிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அன்று முழுவதும் எதற்காவது சூடாவதும், பின்னாலிருந்து "விடுங்க சார்" வந்ததும் தணிவதுமாக அவருக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. பகலில் தூக்கமே வரவில்லை.

செய்தி பரவியது. அடுத்த கட்டிடத்துச் செயலர் வந்து பார்த்துவிட்டுப் போய், தனக்கும் ஒரு குளிர்விப்பாளர் வேண்டும் என்று எழுதினார். அவர் சூடாகிறவர் இல்லை. ஆனால் குளிர்விப்பாளர் இல்லாத செயலரை வேலை இல்லாத செயலர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். விரைவில் குளிர்விப்பாளர் இல்லாத அலுவலகமே இல்லை என்றாகிவிட்டது. சிலர் இரண்டு பேர் வைத்துக்கொண்டார்கள். கூட்டங்களில் ஒரு செயலர் மேசையைத் தட்டினால் பின்வரிசையிலிருந்து "விடுங்க சார்" என்று வரும். உடனே அடுத்தவர் தட்டுவார். "விடுங்க சார்" என்பதை எப்படிச் சொல்வது என்று பயிற்சி வகுப்புகூட நடந்தது. அதற்குப் பாடம் நடத்தியவர் நல்ல உரத்த குரல்காரர்.

மாதக் கடைசி நெருங்கியது. காலையில் மாடியில் விமான இரைச்சல், மதியம் கீழே செயலரின் தலைக்குப் பின்னால். தையல்காரியின் பதிவு அப்படியே கிடந்தது.

செயலரின் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு நாள், அவர் எதற்கும் சூடாகாமல் இருந்த நேரத்தில், அவள் அதைக் கவனித்துப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டி. உள்ளே குழாயில் தண்ணீர் ஓடியது. கலர் மாறிக்கொண்டே இருந்தது. அதன்மேல் செயலரின் குடும்பப் புகைப்படம் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது. விருந்தினர் வரும்போது பார்த்து மகிழ்வதற்காக அதை ஓடவிட்டிருந்தார்கள். வேலை எதுவும் செய்ததில்லை. ஆகவே சூடானதில்லை. ஆகவே இரைந்ததில்லை.

"சார், இதுல ஒரு பதிவு கேட்டுக்கட்டுமா?"

"இதுல கேட்கவும் முடியுமா?" என்றார் செயலர், உண்மையான வியப்போடு. "கேளுங்க. எனக்கும் பொழுது போகணும்ல. சத்தமாவே வெச்சுக் கேளுங்க."

இரட்டைக் கதவு சாத்தியிருந்தது. திரை தொங்கியது. அவள் பொத்தானை அழுத்தினாள். முதலில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு அந்த மூச்சுக்குள்ளிருந்து, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி, சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"…போன தடவை சத்தமாத்தான் சொன்னேன். ரொம்பச் சத்தமா இருந்தா அந்த மெஷினே 'கூச்சல்'னு சொல்லி நிறுத்திடுமாம். நிறுத்திடுச்சு. இப்ப தொண்டையில ஆபரேஷன். இதுக்குமேல சத்தம் வராது. இதையாவது யாராவது கேளுங்க. கோடு என் வீட்டு மேல வர வேண்டியதே இல்லைங்க. பக்கத்துல காலி மனை இருக்கு, அது சர்க்கார் இடம். அளக்க வந்த அன்னைக்கு அந்த மனையில ஒரு கார் நின்னுச்சு. நேராப் போனா கார்மேல போகணும். அதனால காரைச் சுத்திக் கோடு போட்டாங்க. சுத்தின கோடு என் தையல் மெஷின் இருக்கிற ரூம் வழியாப் போகுது…"

செயலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காரைச் சுத்தியா? ஒரு காரைச் சுத்தி ரோடு போடுறாங்களா?"

அவர் கழுத்து சிவந்தது. இது ஆறிய டீக்கு வந்த சூடு இல்லை. அதை அவள் உடனே அறிந்துகொண்டாள். அவரும் அறிந்துகொண்டார், எழுந்தே நின்றுவிட்டார்.

"ஒரு பொம்பளையோட வீட்டை இடிச்சிட்டு ஒரு காரைக் காப்பாத்துறானா? யாரோட கார் அது? எவன் அவன்? சஸ்பெண்ட் பண்ணிட்டுத்தான் இன்னைக்கு உட்காருவேன். அந்த அம்மா என்ன சொல்றாங்க, கேளுங்க. யாரோட காராம்?"

பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"…காரை எடுக்கச் சொன்னேங்க. உள்ள பெரிய ஐயா தூங்குறாரு, எழுப்ப வேண்டாம்னாங்க. எட்டிப் பார்த்தேன். நெஞ்சுமேல கண்ணாடியைக் கழற்றி வெச்சுக்கிட்டு, நல்லா, குழந்தை மாதிரித் தூங்கிட்டிருந்தாரு. எனக்கே எழுப்ப மனசு வரலை…"

செயலர் தம் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நின்றபடி இருந்தவர் வேகம் குறைந்தார். பிறகு தாமாகவே நின்றுவிட்டார். விண்ணப்பத்தில் எழுதியிருந்தபடியே எல்லாம் நடந்தது.

பதிவு முடிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியது. செயலர் திரும்பிப் பார்க்காமல், பின்னால் இருந்தவளிடம் சொன்னார்:

"ஏதாவது சொல்லுங்க."

"என்ன சார் சொல்லணும்?"

"வழக்கமாச் சொல்வீங்களே."

காது மேடம் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள்.

"தொண்டை சரியில்லை சார்" என்றாள்.

தணிக்க ஆள் இல்லாத சூடு எங்கே போகும்? செயலர் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். "மறு அளவீடு செய்க. மனை வழியாக" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் பணிக்காலத்தில் தாமே எழுதிய உத்தரவு அது ஒன்றுதான் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

தையல்காரியின் வீடு தப்பியது. அலுவலகம் தப்பவில்லை. ஓர் ஆட்சேபணை எப்படிக் கேட்கப்பட்டது என்று விசாரிக்க உயர்மட்டக் குழு வந்தது. செயலர் அறையில் நிலவிய அளவுக்கு மீறிய அமைதியே காரணம் என்று அது கண்டறிந்தது. செயலரை மாற்றிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக் கம்ப்யூட்டரை மேலிடத்து வரவேற்பறைக்கு அனுப்பினார்கள். இனி இத்தகைய நிகழ்வு நேராவண்ணம், எல்லா அறைகளுக்கும், காது மேடம் மேசையில் இருந்த அதே ரகக் கம்ப்யூட்டர் வாங்கப்பட்டது. கட்டிடம் முழுவதும் இரைந்தது. அதன்பின் ஓர் ஆட்சேபணைகூடக் காதில் விழவில்லை. மக்கள் முழு மனநிறைவோடு இருப்பதாகக் கருதி, அலுவலகத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

காது மேடம் மறுபடியும் விண்ணப்பித்தாள். இந்தத் தடவை "கணினிப் பொறியின் உள்ளுறுப்பு" என்றே எழுதினாள். பழைய கோப்போடு சேர்த்துப் பார்த்துப் பதில் வந்தது: "புதிய செயலர் எதற்கும் சூடாவதில்லை. எனவே குளிர்விப்பான் தேவை எழவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது." அது உண்மைதான். புதிய செயலரை எதுவும் சூடாக்கவில்லை. அவரைப் பார்த்தவர்கள், இதுவல்லவா முன்னேற்றம் என்றார்கள்.

மறு அளவீடு நடந்தது. சாலை காலி மனைக்குள் நுழைந்தது. நுழைந்த சாலை அங்கேயே நின்றுவிட முடியாது. வெடுக்கென்று ஒடியவும் முடியாது. வளைந்துதான் வெளியே வர வேண்டும். மனையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அலுவலர் குடியிருப்பு இருந்தது. ஒரு காலையில் மரியாதை சார் வீட்டுப் படியில் சுண்ணாம்புக் கோடு. அது கொள்முதல் அதிகாரியின் சமையலறையைக் கடந்து, காது மேடம் வீட்டுக் கூடத்தின் நடுவில் போய், புத்தக அலமாரிக்குப் பின்னால் மறைந்தது.

அலுவலகமே கூண்டின்முன் வரிசையில் நின்றது. மரியாதை சார் உள்ளே போய், வாழ்க்கையில் முதல் தடவையாக மரியாதை இல்லாமல் பேசினார். கூச்சல் என்று மெஷின் நிறுத்திவிட்டது. கொள்முதல் அதிகாரி நயமாகப் பேசிப் பார்த்தார். மைக்குக்குப் பசை ஒட்டவில்லை. வெளியே வந்ததும் இரண்டு பேரும் மாடிக்கு ஏறி வந்தார்கள்.

"மேடம், என்னோடது நல்லாக் கேட்டுச்சா?" என்றார் கொள்முதல் அதிகாரி, வாசலில் நின்று.

இரைச்சலில் அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"என்ன சார்? கேட்கலை" என்றாள்.

மறுநாள் மதியம், நூலக இடைவேளையில், அவள் கணவர் வரிசையில் நிற்பதை ஜன்னலிலிருந்து பார்த்தாள். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூண்டுக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. இத்தனை நேரம் அவர் யாரிடமும் பேசி அவள் பார்த்ததில்லை. கண்ணாடிக்குள் அவர் கைகூட அசைந்தது.

இரவு சாப்பாட்டில் கேட்டாள். "கூண்டுல என்ன சொன்னீங்க?"

அவர் தட்டைப் பார்த்து என்னவோ சொன்னார்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை."

மாதக் கடைசி அன்று அந்தப் பதிவை ஓடவிட்டாள். விமானம் இரைந்தது. காதில் மாட்டும் கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். மேசைக்கு அடியில் தலையைக் கொண்டுபோய்க் கேட்டாள். ஓர் இடத்தில், தெளிவாக, அவர் தொண்டையைச் செருமினார். அதற்குப் பிறகு அவர் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

காதில் விழாவிட்டால் என்ன, ஊகித்து அடித்துவிடலாமே என்று தோன்றியது. வீட்டைப் பற்றித்தான் சொல்லியிருப்பார். அலமாரியைப் பற்றிச் சொல்லியிருப்பாரா? அவளைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பாரா? இத்தனை காலம் ஒரே கூடத்தில் இருந்தும், அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு வரிகூட அவளுக்கு ஊகிக்க வரவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில், விதிப்படி, காதில் விழுந்ததை மட்டும் அடித்தாள்.

"செருமினார்."

அந்தத் தாள் மரியாதை சாரின் மேசைக்குப் போனது. அவர் வீட்டுக்கும் அந்தக் கோடுதான். ஆனால் மேசையில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு வீடு நினைவுக்கு வருவதில்லை. கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிக்கொண்டு, கடைசியில் "ர்" இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பினார்.